பேச்சி கைச்சோறு

மலையேறப் போகிறவர்கள் கால் ஆற்றிக்கொள்ளும் இடத்தில் ஒரு சோற்று மடம் இருந்தது. சாமி பெயரைச் சொல்லி வந்தாலும் சோறு உண்டு, பசிக்கிறது என்று மட்டும் சொல்லி வந்தாலும் சோறு உண்டு. சட்டம் ஒன்றே ஒன்றுதான். இலையில் விழுந்த சோற்றை மிச்சம் வைத்துவிட்டு எழக் கூடாது.

மடத்தை நடத்திய குரு வடிவம்மை. குரு என்றதும் நரைத்த தலையைத் தேடாதீர்கள். அவளுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். சிஷ்யை செங்கமலத்துக்கோ காதோரம் வெளுத்துவிட்டது. குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை அம்மை என்பாள். முறை எங்கேயோ இடிக்கிறதே என்று வழிப்போக்கர் யாராவது கேட்டால், "இடிச்சா இடிக்கட்டும், நீங்க இலையில உட்காருங்க" என்பார்கள் மடத்தில்.

செங்கமலம் அங்கே வந்து சேர்ந்த கதை சொன்னால் கண் கலங்கும். கல்யாணமாகி வெகுகாலம் வயிற்றில் ஒரு பூச்சி புழு இல்லை. சொந்த ஊரில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மலடி, மலடி! கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் அடுப்படியோடு சரி, மணவறைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எச்சில் இலை எடுத்தாவது புண்ணியம் தேடுவோம் என்று புருஷனையும் இழுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தாள். புருஷன் வண்டி கட்டி ஊர் ஊராக நெல் கொண்டுவரப் போய்வந்தான். வந்து சில வருஷத்தில், யாரும் எதிர்பாராத நேரத்தில், செங்கமலம் முழுகாமல் இருந்தாள். கோமு பிறந்தாள்.

அந்தப் பிள்ளையை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மகாராணி தோற்றாள் போங்கள்!

ஆனால் கோமுவுக்கு வயசு ஒன்று முடிந்தது, நடக்கவில்லை. மற்ற பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பருவத்தில் அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் முருங்கைக் குச்சிபோல இருந்தன.

வைத்தியர் வந்து பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார்.

"என்ன குடுக்கியம்மா?"

"பால்தான் ஐயா."

"வேற?"

"வேற எதுவும் வாயில வைக்க மாட்டேங்கா."

"இந்த வயசுக்குப் பால் மட்டும் காணாது. சோறு இறங்கணும், பருப்பு இறங்கணும். முதல்ல சோறு, பொறவுதான் பால். இப்படியே விட்டா பிள்ளை எந்திரிக்காது, சொல்லிட்டேன்."

அந்தப் பக்கத்தில் பால் மறக்கவைக்க ஒரு வழக்கம் உண்டு. தாய் தன் கையால் சோறூட்டக் கூடாது. பால் மணம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை சோற்றைத் திரும்பியும் பார்க்காதாம். வேறொருத்தி ஊட்ட வேண்டும். தாய்க்காரி வேப்பிலையை அரைத்து மாரில் பூசிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும்.

ஊட்டுகிற வேலையை வடிவம்மை பேச்சிக்குக் கொடுத்தாள். பேச்சி மடத்துச் சமையல்காரி. புருஷனைப் பறிகொடுத்தவள். பெற்ற ஒரே பிள்ளையும் குப்புற விழப் பழகுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்ததில்லை. கோமுவை வாங்குமுன் பேச்சி இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

எப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாள் தெரியுமா! பச்சரிசியைக் குழைய வேகவிடுவாள். பாசிப்பருப்பை மசிப்பாள். ஒரு சொட்டு நெய் விட்டு, கட்டி தட்டாமல் விரலாலேயே நசுக்கி, ஆறிவிட்டதா என்று தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள். பிறகு காக்காயைக் காட்டுவாள், அணிலைக் காட்டுவாள், தானே வாயைத் திறந்து ஆ என்பாள்.

கோமு வாயை இறுக மூடிக்கொள்வாள். வலுக்கட்டாயமாக வைத்தால் துப்புவாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

உள்ள சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது? செங்கமலம் காலையில் நாலு பேர் பார்க்க அம்மியில் வேப்பிலை அரைப்பாள். நாலு பேர் பார்க்க எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். ஆற்றுக்குப் போகிறேன் என்று போய், பூசியதைச் சுத்தமாகக் கழுவிவிடுவாள். பேச்சி சோறு குழைக்கிற நேரம் பார்த்துப் பிள்ளையை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கிப் போய், இரண்டு பக்கமும் கொடுத்து, வயிறு முட்டியதும் வாயைத் துடைத்துவிடுவாள். பிறகு நல்ல பிள்ளைபோல வந்து பேச்சியின் மடியில் உட்காரவைப்பாள். வயிறு முட்டின பிள்ளைக்குத் தேவாமிர்தம் கொடுத்தாலும் வாய் திறக்குமா?

முதல் நாள் பிள்ளை அழுதது பொறுக்காமல்தான் செய்தாள். அன்றைக்குக் கோமு பேச்சியிடம் வாய் திறக்காததைப் பார்த்துவிட்டு, தண்ணீர் சுமக்கிற செல்லத்தாய் சொன்னாள்: "அம்மைக்காரியை விட்டு இம்மி நகர மாட்டேங்கா பாரு! என்ன ஒட்டுதல்!"

அந்தச் சொல் செங்கமலத்துக்குத் தித்தித்தது. ஆயுசு முழுக்க அவளை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. மறுநாளும் அதைக் கேட்க வேண்டும்போல இருந்தது.

செல்லத்தாய் வாய் சும்மா இருக்குமா? நாளடைவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"சோத்துல குத்தமில்ல. கைதான்."

"எந்தக் கை?" என்று கேட்டாள் கூட இருந்த ஒருத்தி.

"பெத்ததையே தங்கவிடாத கை. பிள்ளைக்குத் தெரியாதா?"

செங்கமலம் பக்கத்தில்தான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லாதே என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அப்படிப்பட்ட சொல் எங்கே போய்ச் சுடும் என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்த மடத்தில் யார்? தெரிந்துதான் விழுங்கினாள்.

ஒரு மத்தியானம் கிணற்றடியில் பேச்சி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாம்பலும் புளியும் இருந்தன. செங்கமலம் வாளியோடு வந்தாள்.

"என்ன பேச்சி, பாத்திரம் இன்னும் முடியலையா?"

"பாத்திரம் அப்பவே முடிஞ்சுதுக்கா. கையைத் தேய்க்கேன்."

"கையில என்ன?"

"என்னமோ இருக்கும்போல. நம்ம கண்ணுக்குத் தெரியல. பிள்ளைக்குத் தெரியுது."

செங்கமலம் வாளியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். உடம்பெல்லாம் கூசியது. தூ, நீயும் ஒரு பொம்பிளையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் போதுமா? மறுநாள் காலையில் பிள்ளையோடு விறகுக் கொட்டகைக்குப் பின்னால்தான் இருந்தாள்.

அன்றைக்கு அவள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வரும்போது எதிரே வடிவம்மை வந்தாள். "குடுங்கக்கா" என்று கோமுவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகை இரண்டு தட்டுத் தட்டினாள்.

கோமு கக்கினாள். குருவின் தோளில் வெள்ளையாக, சூடாக, அப்போதுதான் குடித்த பால் வழிந்தது.

மாரில் வேப்பிலை பூசியவளின் பிள்ளை வாயில் பால் எங்கிருந்து வரும்? வடிவம்மை முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு தன் தோளைத் துடைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏதாவது பேசியாக வேண்டுமே! மடியில் கனம் இருந்தால் வாய் சும்மா நிற்காது.

"அம்மை, நானும் என்னெல்லாமோ செஞ்சு பாக்கேன். இவளுக்குப் பால் மறக்க வைக்கிறது எப்படின்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

"நாளைக்குச் சொல்லுதேன்க்கா" என்றாள் வடிவம்மை.

அன்று சாயங்காலம் பேச்சி தன் துணிமூட்டையோடு குருவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் போறேன் அம்மை."

"எங்க?"

"எங்கயாவது. பிள்ளை நாளுக்கு நாள் இளைக்கா. வேற நல்ல கையாப் பாருங்க."

"நாளைக்குப் பந்தி முடியட்டும். பொறவு போகலாம்."

செங்கமலம் தூணுக்கு மறைவில் நின்று கேட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்வோம், நாளைக்கு என்று நினைத்துக்கொண்டே நின்றாள். பேச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் முற்பகல், செங்கமலம் பிள்ளையைத் தூக்கப் போகும்போது வடிவம்மை கூப்பிட்டாள்.

"கோமு விளையாடட்டும். நீங்க மட்டும் எங்கூட வாங்கக்கா."

குரு முன்னால் நடந்தாள். அடுப்படியைத் தாண்டி, மாட்டுத் தொழுவத்தைத் தாண்டி, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றாள். செங்கமலம் தினமும் உட்காருகிற அதே கல். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பானையில் கம்பங்கூழ் இருந்தது.

செங்கமலம் கல்லையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உட்காருங்க."

உட்கார்ந்தாள்.

"குடிங்க."

ஒரு செம்பு குடித்தாள். வடிவம்மை இன்னொரு செம்பு ஊற்றினாள். அதையும் குடித்தாள். மூன்றாவது ஊற்றினாள்.

"போதும் அம்மை."

"குடிங்கக்கா. நான்தானே குடுக்கேன்."

குரு கொடுத்தால் வேண்டாமென்று சொல்ல முடியுமா? பானை காலியாகும்வரை குடித்தாள். நெஞ்சு அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. வடிவம்மை குனிந்து, தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போனாள்.

பந்தி நிறைய ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கு ஒரு யாத்திரைக் கூட்டமே வந்திருந்தது. என்றைக்கும் பரிமாறுகிற செங்கமலத்தைக் குரு நடு இலையில் உட்காரவைத்தாள். "இன்னைக்கு நீங்க சாப்பிடுங்க. பேச்சி பரிமாறட்டும்."

பேச்சி வாளியோடு வந்தாள். போகிற நாளென்று நினைத்தாளோ என்னவோ, கை கொள்ளாமல் அள்ளி வைத்தாள். கத்தரிக்காய்க் கூட்டு, தேங்காய்ப்பாலில் வைத்த சொதி, அப்பளம். வாசனை ஊரைத் தூக்கியது.

செங்கமலம் முதல் கவளத்தை எப்படியோ விழுங்கினாள். இரண்டாவது பாதி வழியில் நின்றது. மூன்றாவதை எடுத்து வாய்வரை கொண்டுபோய், முடியாமல் கீழே வைத்தாள். கூழ் தொண்டைவரை நின்றது. பக்கத்து இலைகளெல்லாம் காலியாகிக்கொண்டே வந்தன. அவள் இலையில் சோறு குவிந்தபடி இருந்தது. இந்த மடத்தில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

எதிர் வரிசையில் இருந்த யாத்திரைக்காரி கேட்டாள்: "ஏன் தாயி, சாப்பாடு நல்லாத்தானே இருக்கு?"

தண்ணீர் ஊற்ற வந்த செல்லத்தாய் இலையைப் பார்த்தாள். பிடித்துக்கொண்டாள்.

"அடடே, அக்காவுக்கும் இறங்கலையா? சரிதான். பிள்ளைக்கே இறங்காத கை, தாய்க்கு மட்டும் இறங்குமாக்கும்!"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேச்சி வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றாள். பரிமாறின கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வடிவம்மை பந்தியின் தலைமாட்டில் நின்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"பேச்சி கை சரியில்லையாக்கா?"

பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது செங்கமலத்துக்கு. எழுந்து ஓடிவிடலாம். ஆமாம் என்று தலையை ஆட்டினாலும் போதும், எல்லோரும் நம்புவார்கள். பேச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. குருவுக்குத் தெரியுமே! அதைவிட, முந்தானைக்குள் போன அந்தக் கை அவள் கண்ணைவிட்டு அகலவில்லை.

"கையில ஒண்ணுமில்ல" என்றாள். குரல் வெளியே வரவில்லை.

"கேக்கலக்கா" என்றாள் குரு.

"அவ கையில ஒண்ணுமில்ல!" கத்திவிட்டாள். "என் வயித்துல இடமில்ல. கூழ் குடிச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன். கோமுவும் அப்படித்தான். தினமும் நான் பாலைக் குடுத்துட்டுத்தான் இவ மடியில வச்சேன். வேப்பிலை பூசல. பூசுன மாதிரி நடிச்சேன். பிள்ளை இவ கையால திங்கக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சேன். நீங்கள்லாம் பேசுனதையும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

செல்லத்தாய் செம்பைக் கீழே வைத்துவிட்டு மெல்ல நழுவப் பார்த்தாள். வடிவம்மை பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டாள்.

பேச்சி வாளியைக் கீழே வைத்தாள். செங்கமலத்தின் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, சில இடங்களில் சிவந்து கிடந்தது.

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமேக்கா."

செங்கமலம் அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். பேச்சி இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. எம்பிள்ளையையும் நான்தான் கொன்னுட்டேனோன்னு இத்தனை நாளும் நினைச்சேன்."

செங்கமலத்தின் தலை தானாகவே இலைவரை குனிந்தது.

அந்த நேரம் முற்றத்தில் அழுகை கேட்டது. கோமுவுக்குப் பசி. காலையிலிருந்து பாலும் இல்லை, சோறும் இல்லை. பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். குழைத்த சோற்றுக் கிண்ணத்தோடு வந்து பிள்ளையின் எதிரில் உட்கார்ந்தாள். காக்காயைக் காட்டவில்லை, அணிலைக் காட்டவில்லை. விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான்.

கோமு முகத்தைச் சுளித்தாள். நாக்கால் தள்ளினாள். மறுபடி நக்கினாள். பிறகு பேச்சியின் விரலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தாள்.

பேச்சி கிண்ணத்தில் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊட்டினாள்.

பந்தி எழுந்தது. யாத்திரைக்காரர்கள் சத்தமில்லாமல் கையலம்பப் போனார்கள். செங்கமலம் மட்டும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிச்சம் வைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாள். இடையில் பிள்ளையைப் பார்த்தாள். கோமு வாயைத் திறந்து அடுத்த வாய்க்குக் காத்திருந்தாள். தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் சாயும்போதுதான் இலை காலியானது. வடிவம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செங்கமலத்துக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"என்னை மடத்தைவிட்டுப் போகச் சொல்லுங்க அம்மை."

"போனா பேச்சிக்கு மருந்து போடுதது யாரு?"

"அவ தொடவிட மாட்டேங்கா."

"விடுத வரைக்கும் கேளுங்க."

முற்றத்தில் பேச்சி பிள்ளைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். செங்கமலத்தின் மனதில் ஒரு கேள்வி கிடந்து அடித்துக்கொண்டது. இத்தனை செய்த பிறகும் இதையா கேட்பது என்று வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இனி பசிச்சா கோமு சோத்துக்குப் போயிருவா. பேச்சிகிட்டப் போவா, யாருகிட்டயும் போவா. என்கிட்ட எதுக்கு அம்மை வருவா?"

வடிவம்மை இலையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்தனை நாளும் அவ பசிச்சுத்தான் வந்தாக்கா. வயிறு நிறைஞ்ச பொறவு வருவாளே, அந்தக் கோமுவை நீங்க இன்னும் பாக்கல."